சாவியை எடுத்த பிறகும் ஓடிய வண்டி

எங்கள் ஐஸ் வண்டியின் டாஷ்போர்டில் எதனோடும் இணைப்பில்லாத சாமான்கள் மூன்று இருந்தன. முதலாவது, வேகம் காட்டும் முள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அது நாற்பதில் நின்றுவிட்டது. வண்டி வாசலில் நின்றாலும் நாற்பது, அடையாறு பாலத்தில் பறந்தாலும் நாற்பது. இரண்டாவது, சிகரெட் பற்றவைக்கும் துளை. அதில் அம்மா ஊதுபத்தி செருகி வைப்பாள். மூன்றாவது, கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புக் குமிழ். ஒரு காலத்தில் அதை இழுத்தால்தான் வண்டி நிற்கும். பிற்பாடு அதில் ஜெபமாலை தொங்கியது.

இப்போது நான் மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கிறேன். எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கும் கூடத்தில் வேலை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் ஓடும்; இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அளவுகளைப் பார்ப்பேன். சோதனை முடிந்ததும் திரையில் ஒரு இடத்தைத் தொட்டால் போதும், டீசல் அடைபட்டு எஞ்சின் நின்றுவிடும். சத்தம் அடங்கிக் காது பழைய நிலைக்கு வருகிற அந்தச் சிறிது நேரத்தில், அநேகமாக ஒவ்வொரு தடவையும், எனக்கு எங்கள் வண்டியின் கேபின் நினைவுக்கு வருகிறது. மீன் கூடை வாடை, ஊதுபத்தி, வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட், ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே வரும் நைனாவும் அம்மாவும்.

நைனா முதலில் கடலுக்குப் போனவர். படகைக் கரையேற்றும்போது தோள்பட்டை விலகி, அது சரியாகச் சேராமல் போனதால் வலை இழுக்க முடியாமல் ஆனது. படகில் இருந்த தன் பங்கை விற்று இந்தச் சின்ன லாரியை வாங்கினார். பட்டினப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர், தி. நகர் மீன் கடைகள் வரைக்கும் ஐஸ் கொண்டுபோய்ப் போடுவதுதான் தொழில். தொழில் நன்றாகவே நடந்தது. ஆனால் எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகிறவனுக்கு ஒரு மரியாதை, அவனுக்கு ஐஸ் கொண்டுவந்து கொடுக்கிறவனுக்கு இன்னொரு மரியாதை. நைனா அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. கரையில் நாலு பேர் உட்கார்ந்து காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிப் பேசும்போது வண்டியைத் துடைக்கிற சாக்கில் தள்ளிப் போய்விடுவார்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அது தலைகீழாகும். மாதா கோவில் திருவிழாவில் தேர்ப் பவனி அன்று, மரத்தேரைத் தூக்கி எங்கள் லாரி மேல் வைத்துக் கட்டுவார்கள். தேரில் மாதா சுரூபம், சுற்றிலும் பூ, பேட்டரியில் எரியும் சீரியல் விளக்குகள். ஐஸ் இறக்கும் லாரிதான் என்று அன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. குப்பம் முழுக்க, கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும், நைனா ஓட்டும் வேகத்தில் பின்னால் நடந்து வருவார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவார். மற்ற நாட்களில் ஒரு கைதான்.

பவனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தெருமுனையிலும் தேர் நிற்கும். அங்கே உள்ள வீட்டார் மேஜை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருப்பார்கள். உப்பும் மிளகும் வாரித் தேர்மேல் போடுவார்கள். ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடித்த பிறகுதான் தேர் நகரும். அவ்வளவு நேரமும் வண்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஜெபம் மாதாவுக்குக் கேட்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள்.

பழைய எஞ்சினில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கறுப்புக் குமிழை இழுத்தால் ஒரு கம்பி போய் டீசலை அடைக்கும், எஞ்சின் நிற்கும். அந்த எஞ்சின் தேய்ந்து புகை தள்ள ஆரம்பித்தபோது, நைனா புதுப்பேட்டைக்குப் போய் வேறொரு பெரிய வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சினை வாங்கி வந்து பொருத்தினார். தாங்கிகளை வெட்டி ஒட்டி, ரேடியேட்டரைத் தள்ளி வைத்து, ஒயரிங்கையும் சிநேகிதர் ஒருவரோடு சேர்ந்து தானே செய்தார். புது எஞ்சினில் கம்பி கிடையாது. டீசல் பம்பின் தலையில் விரல் பருமனில் சோலினாய்டு என்கிற மின் அடைப்பு ஒன்று இருக்கும். சாவியைத் திருப்பினால் அதற்கு மின்சாரம் போகும். உள்ளே இருக்கும் ஊசி பின்வாங்கி டீசலுக்கு வழிவிடும். சாவியை அணைத்தால் மின்சாரம் நின்று, ஊசியை ஒரு சின்ன ஸ்பிரிங் தள்ளி வழியை மூடிவிடும். எஞ்சின் பட்டினியில் நிற்கும்.

நிற்க வேண்டும். எங்கள் வண்டி சில நாட்களில் நின்றது, சில நாட்களில் நிற்கவில்லை. சாவியை அணைத்து, வெளியே எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடும். அப்போதெல்லாம் நைனா பிரேக்கை மிதித்துக்கொண்டு, டாப் கியரைப் போட்டு, கிளட்சை விடுவார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கும். ஐஸ் கட்டிகளுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஒரு வருஷம் பவனியிலேயே அப்படி நடந்துவிட்டது. முதல் தெருமுனையில் சாவியை அணைத்தார், எஞ்சின் நிற்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். பதற்றத்தில் நைனா வழக்கம்போல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். வண்டி குலுங்கியது, தேர் ஆடியது, மாதாவின் கிரீடம் சரிந்து ஒரு காதோரம் தொங்கியது. பெண்கள் மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் எனக்குக் கேட்டது. கூட்டத்தில் யாரோ, அதிகச் சத்தமில்லாமல், "ஐஸ் வண்டிக்காரன் மாதாவையே ஆட்டிட்டான்" என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு தெருவிலும் நைனா எஞ்சினை நிறுத்த முயலவில்லை. புகைக்கும் இரைச்சலுக்கும் நடுவில் ஜெபம் சொல்லி முடித்தார்கள்.

அடுத்த திருவிழா நெருங்கியபோது நான் படிப்பு முடித்து வேலையில் சேர்ந்திருந்த புதிது. விழாக் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மாமா. டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"மச்சான், நான் சொல்றேன்னு நெனச்சுக்காத. கமிட்டில பேசிக்கினு கீறாங்கோ. வண்டி நிக்கும்னா சொல்லு. இல்லாங்காட்டி வேற வண்டிக்கு ஏற்பாடு பண்ணிடறோம்."

"நிக்கும்" என்றார் நைனா.

"போன வருசமும் நிக்கும்னுதான சொன்ன."

"போன வருசம் என் பொண்ணு படிச்சிக்கினு இருந்திச்சி. இப்ப முடிச்சிடுச்சி."

மாமா என்னைப் பார்த்தார். மாமா போன பிறகு, "ஏன் நைனா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். அவர் டம்ளரை எடுத்துக் கழுவப் போய்விட்டார். வீட்டில் அவர் டம்ளர் கழுவுவது அபூர்வம். இந்தத் தடவை தேரை வேறொருவர் ஓட்டினால் இனி ஒருபோதும் அது தன் கைக்குத் திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் அது அப்போதுதான் புரிந்தது.

எனக்கு எதையும் வரிசை போட்டால்தான் யோசனை ஓடும். எஞ்சின் நிற்காததற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று எழுதினேன். ஊசியில் அழுக்குச் சேர்ந்து அடைப்பு முழுசாக மூடாமல் இருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அடைப்பின் ரப்பர் வெட்டுப்பட்டிருக்கலாம். சாவியை அணைத்த பிறகும் எங்கிருந்தோ மின்சாரம் போய்க்கொண்டிருக்கலாம். கடைசியாக எழுதியதுதான் விடை. ஆனால் அதற்கு நான் கடைசி இடம் கொடுத்திருந்தேன். கடலோரத்து வண்டி, வருஷா வருஷம் தேரிலிருந்து உப்பு வேறு கொட்டுகிறது; துருவும் அழுக்கும்தான் முதல் சந்தேகம் என்று எனக்குத் தோன்றியது. அது தப்பான யோசனையும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், சோலினாய்டைக் கழற்றினேன். ஊசியின் மேல் மஞ்சளாக ஒரு படலம் இருந்தது. நைனா பக்கத்தில் நின்று டீசல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். துடைத்து, ரப்பர் வளையத்தை மாற்றி, புது ஸ்பிரிங் போட்டு மாட்டினோம். பைப்புகளில் புகுந்த காற்றை வெளியேற்ற, கைப் பம்பை அடித்து அடித்து நைனாவுக்குத் தோள் வலித்திருக்கும். என்னை அடிக்க விடவில்லை.

"நீ சாவி கிட்ட போ" என்றார்.

திருப்பினேன், ஓடியது. அணைத்தேன், நின்றது. மறுபடியும் ஓட்டி நிறுத்தினேன். எத்தனை தடவை செய்தாலும் சொன்னபடி கேட்டது. நைனா பானெட்டைச் சாத்தி, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினார். அன்று சாயந்திரம் கரையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அவராகவே போய் நின்றார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

கொடியேற்றம் முடிந்து, தேரை வண்டியில் கட்டி ஒத்திகை பார்க்கும் நாள் வந்தது. மாமா வந்திருந்தார். சுரூபம் ஏற்றவில்லை, வெறும் மரத்தேர்தான். அம்மா வழக்கம்போல் நைனாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பவனியில் அவளுடைய இடம் அது. நானும் ஓரமாக ஒட்டிக்கொண்டேன். கோவில் வாசலிலிருந்து முதல் தெருமுனை வரை மெதுவாகப் போய், நைனா நிறுத்தி, சாவியை அணைத்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

சாவியை வெளியே எடுத்தார். மறுபடி போட்டு, திருப்பி, அணைத்து, மறுபடி எடுத்தார். அது ஓடியது. மாமா ஜன்னல் பக்கம் வந்து நின்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. "பாத்து இறக்கு மச்சான்" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னிடம், "நீ இன்னாம்மா பண்ணுவ, பழைய வண்டி" என்றார். போகும்போது போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டே போனார். வேறு வண்டிக்குத்தான் என்று கேட்காமலே தெரிந்தது.

தேரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, நைனா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் மின்சாரம் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா இறங்கி உள்ளே போய்விட்டிருந்தாள்.

"ஓட்டிட்டு நிறுத்து நைனா, பாக்கலாம்."

ஓட்டினார். அணைத்தார். உடனே நின்றது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடி ஓட்டி அணைத்தார். மறுபடியும் நின்றது.

நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழவேண்டிய நேரத்தில் சிரிப்பது அவர் வழக்கம். "உங்கம்மா ஏறினாதான் இது நிக்க மாட்டேங்குது கண்ணு. நானே அவள நிறுத்த முடியல, வண்டி இன்னா பண்ணும்?"

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. "காதுல வுழுந்துச்சி."

"வுழட்டும்னுதான சொன்னேன்."

வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு அது ஒரு வேடிக்கையாகத் தோன்றவில்லை. வண்டி நிற்காத நாட்களை நினைத்துப் பார்த்தேன். அம்மா ஐஸ் கம்பெனிக்குக் கூடப் போன நாள், நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு லஸ் பக்கம் போன நாள், கோபாலபுரத்தில் அத்தை வீட்டு விசேஷம், போன வருஷப் பவனி, இன்றைய ஒத்திகை. எல்லாவற்றிலும் அம்மா இருந்தாள். நைனா தனியாகப் போன நாள் எதிலும் இந்தப் புகார் இல்லை. நான் சோலினாய்டைத் துடைத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் விற்கப் போயிருந்தாள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அம்மா வண்டியில் போய்வந்த மறுநாள் காலையில்தான் பேட்டரி இறங்கிக் கிடக்கும், வண்டியைத் தள்ள வேண்டியிருக்கும். பேட்டரி பழசு என்று நாங்கள் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"அம்மாவக் கூப்பிடு நைனா" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"அம்மா ஏறினதும் என்னென்ன செய்றாங்கன்னு பாக்கணும்."

நைனா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவருக்கே அதில் உற்சாகம் வந்துவிட்டது. "இந்தா மே, வா. உன்ன டெஸ்ட்டு பண்ணணுமாம் இன்ஜினீரு."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். எப்போதும் எப்படி ஏறுவாயோ அப்படியே ஏறு, ஒவ்வொன்றாகச் செய், நடுவில் நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்து என்றேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு நைனா எஞ்சினை ஓட்டி அணைக்க வேண்டும்.

அம்மா ஏறி உட்கார்ந்தாள். அணைத்தார், நின்றது. செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினாள். நின்றது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். நின்றது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். நின்றது.

"அடுத்து இன்னா பண்ணுவேன்?" என்று அம்மாவே யோசித்தாள்.

"என்ன திட்டுவ" என்றார் நைனா.

"அது வண்டி கெளம்பினப்புறம்."

அப்புறம் அவள் கை, யோசிக்காமலே, டாஷ்போர்டுக்கு மேல் போனது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாண் உயரத்தில் மாதா சுரூபம் இருந்தது. பெட்டிக்குள் நீல நிறத்தில் ஒரு சின்ன பல்பு. அதற்கு ஒரு தனி சுவிட்ச். அம்மா சுவிட்சைத் தட்டினாள், நீல வெளிச்சம் வந்தது.

"கொடி ஏத்தியாச்சில்ல, எறங்கும்போது அணைக்காம போவணும்னு நெனச்சேன். உங்க நைனா பேட்டரி பேட்டரின்னு அணைச்சிட்டாரு" என்றாள்.

"ஓட்டு நைனா" என்றேன்.

ஓட்டினார். அணைத்தார். எஞ்சின் நிற்கவில்லை.

சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நைனா அந்தப் பெட்டியையே பார்த்தார். நான் எட்டி, சுவிட்சை அணைத்தேன். எஞ்சின் ஒரு இருமல் இருமி நின்றது.

அம்மாதான் முதலில் பேசினாள். "மாதாவ குத்தம் சொல்லப் போறியா நீ?"

"இல்லம்மா. ஒயரைத்தான் சொல்றேன்."

நைனாவிடம் கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. புது எஞ்சின் பொருத்தியபோது, வண்டி ஓடும் நேரமெல்லாம் மாதாவுக்கு விளக்கு எரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார். வண்டி ஓடும்போது கட்டாயம் மின்சாரம் இருக்கும் ஒயர் எது? சோலினாய்டுக்குப் போகும் ஒயர். அதிலிருந்து ஒரு கிளை எடுத்து விளக்குக்குக் கொடுத்துவிட்டார். பிறகு அம்மா ஐஸ் கம்பெனியில் வண்டி நிறுத்திக் காத்திருக்கும்போது, மாதா இருட்டில் நிற்கிறார்கள் என்று முணுமுணுத்திருக்கிறாள். அதற்காக பேட்டரியிலிருந்து நேராக இன்னொரு ஒயர் இழுத்து, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து, அதே விளக்குக்குச் சேர்த்திருக்கிறார். முதல் ஒயரைக் கழற்றவில்லை. தனியாகப் போகும்போது, ஓட்டினால் விளக்கு தானே எரியும் என்று அவர் சுவிட்சைத் தொடுவதே இல்லை.

"லைட்டுக்குப் போற கரண்டு லைட்டுக்குத்தான போவும்?" என்றார்.

நம் தெருக்களில் சில சந்துகளுக்கு இரண்டு பக்கமும் வாசல் இருக்கும். இந்தப் பக்கம் நுழைந்தவன் வீட்டோடு நின்றுவிடுவான் என்று நிச்சயமில்லை, அந்தப் பக்கமாகவும் வெளியே போகலாம். சுவிட்சைப் போட்டதும் பேட்டரியிலிருந்து வந்த மின்சாரம் விளக்குக்கும் போனது, அங்கிருந்து பழைய கிளை வழியாகத் திரும்பி சோலினாய்டுக்கும் போனது. சாவி அணைந்தது அதற்குத் தெரியவே இல்லை. இரவெல்லாம் விளக்கு எரிந்தால் சோலினாய்டும் கூடவே மின்சாரம் குடித்திருக்கும். பேட்டரி இறங்கியதும் அதனால்தான். இதைச் சொன்னேன். நைனா தலையில் கையை வைத்துக்கொண்டார். அம்மா, "அப்போ நான் ஏறினதாலதான் நிக்கல" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

"பவனி அன்னிக்கு மட்டும் சுவிட்ச அணைச்சி வெச்சிட்டா போதும்" என்றார் நைனா.

"அணைக்கக் கூடாது" என்றாள் அம்மா. "கொடி ஏத்தினதுல இருந்து எறக்கற வரைக்கும் எரியணும். நீ படகு கரையேத்தறப்போ தோள வெலக்கிக்கினு வந்தப்போ நான் நேந்துக்கினது. மொதல்ல வூட்ல எரிஞ்சிச்சி, வண்டில லைட்டு வெச்சதுல இருந்து வண்டில எரியுது."

அது எங்கள் இருவருக்குமே புதுச் செய்தி. நைனா சுவிட்சை மறுபடி போட்டார்.

ஆகவே விளக்கு எரிந்தபடியே இருக்க வேண்டும், எஞ்சின் நிற்க வேண்டும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரண்டு ஒயரில் சோலினாய்டு பக்கத்துக் கிளையை மட்டும் வெட்டுவது. ஆனால் நைனா இரண்டையும் ஒரே சுருளிலிருந்து வெட்டிப் போட்டிருந்தார். இரண்டும் சிவப்பு. டாஷ்போர்டுக்கு அடியில், மற்ற ஒயர்களோடு சேர்த்து, மீன்வலை நூலால் இறுகக் கட்டியிருந்தார். அந்தக் கட்டை அவிழ்க்க எனக்கு நகம் போதவில்லை. அவர்தான் அவிழ்த்துக் கொடுத்தார்.

எஞ்சினை ஓடவிட்டு, சாவியை எடுத்துவிடச் சொன்னேன். சரியான ஒயரை வெட்டினால் எஞ்சின் நிற்கும், விளக்கு எரியும். தப்பானதை வெட்டினால் எஞ்சின் நின்றுவிடும், விளக்கும் அணைந்துவிடும். அம்மா சீட்டின் மேல் காலை மடித்து உட்கார்ந்து, பெட்டியைப் பார்த்தபடி இருந்தாள். நான் மல்லாக்கப் படுத்து, எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் ஒயரை விரலால் நீவிக்கொண்டே வந்தேன். அது எந்தச் சிவப்போடு சேர்கிறது என்று இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாம் தடவையும் பார்த்தேன்.

"இன்னும் எத்தினி தபா பாப்ப?" என்றார் நைனா.

வெட்டினேன்.

எஞ்சின் நின்றது. என் தலைக்கு மேலே நீல வெளிச்சம் அப்படியே இருந்தது. வெளியே குழாயடியில் யாரோ குடம் வைக்கும் சத்தமும் அதற்கு அப்பால் அலைச் சத்தமும் கேட்டன. வெட்டிய முனைகளில் டேப் சுற்றினேன். சாவி போட்டு ஓட்டி, அணைத்து, மறுபடி பார்த்தோம். விளக்கு ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை.

நைனா அன்றைக்கே மாமா வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மாமா வந்து பார்த்தார், அம்மாவை ஏற்றி இறக்கி ஓட்டிப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார். "வேற வண்டிக்காரன் கிட்ட சொல்லிட்டேனே மச்சான். சரி, நான் பாத்துக்கறேன். ஆனா அங்க வந்து நிக்கணும். வூட்டாண்ட நிக்கறது பெருசில்ல." கோவிலுக்குப் பக்கத்தில் அந்த இன்னொரு வண்டியும் தயாராக நிற்கும் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பவனி அன்று, தேர் புறப்பட்டபோது, அந்த வண்டி ஓரமாக நின்றதை மூவருமே பார்த்தோம். நைனா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். மாமா ஜன்னல் ஓரமாக நடந்து வந்தார். கேபினுக்குள் எஞ்சின் இரைச்சல். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. புது எஞ்சின் வந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அவள் மாதாவிடம் வாய்விட்டுப் பேசிக்கொண்டே வருவாள். உதடு அசைவது தெரியும், ஜெபமாலை சொல்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

முதல் தெருமுனை வந்தது. மேஜை, மெழுகுவர்த்திகள், கையில் உப்போடு பெண்கள். நைனா நிறுத்தினார். சாவிமேல் கையை வைத்து ஒரு கணம் சும்மா இருந்தார். பிறகு திருப்பினார்.

எஞ்சின் நின்றது. நின்ற இடத்தில் அம்மாவின் குரல் மட்டும், இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டிய அளவுக்கு உரக்க, தனியாக நின்றது.

"...நிறுத்திடு தாயே, இந்தாளு மானத்த வாங்கிடாத, கடலும் போயி இதுவும் போச்சின்னா அவரு தாங்க மாட்டாரு..."

அவள் சட்டென்று வாயை மூடினாள். ஜன்னலுக்கு வெளியே மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடலுக்குப் போகிறவர்கள் சிலர் கேபினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள், அவர்களும் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. உப்பு தேர்மேல் விழுந்து, கூரையில் மழை மாதிரி சத்தம் போட்டது. ஜெபம் தொடங்கியது.

அம்மா என் பக்கம் சாய்ந்து, "பாத்தியா, நிறுத்திட்டாங்க" என்றாள் ரகசியமாக. நான் ஆமாம் என்றேன்.

அந்த எஞ்சின் பொருத்தியதிலிருந்து, ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஜெபம் சரியாகக் கேட்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நைனா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பின்னால் குப்பம் முழுவதும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தது. ஜெபமாலையின் பத்து மணிகளும் முடிந்தன. மெழுகுவர்த்திகளை எடுத்துவிட்டு மேஜையை ஓரமாக நகர்த்தினார்கள். நைனாவின் கை சாவிக்குப் போகவில்லை.

மாமா கதவைத் தட்டினார். "இன்னா மச்சான், எடுக்கலியா?"

"இரு மச்சான்" என்றார் நைனா. "இப்பதான் கேக்குது."

"கேட்டது போதும்" என்றாள் அம்மா. "எடு வண்டிய. இன்னும் எத்தினி தெரு கீது."